இலவச விபிஎன்: வெளிவாசல் உங்கள் வீடாக இருக்கலாம்

பகாவிலோ ரந்தாவிலோ சிறுதோட்டம் வைத்திருப்பவர் செம்பனைக் குலையை விற்க எம்பிஓபி உரிமம் வேண்டும். வேறு யாரோ வெட்டிய குலையை உங்கள் உரிமத்தில் எடை போட்டால், ஏட்டில் அது உங்கள் குலைதான். பின்னர் அது திருட்டுக் குலை என்று தெரியவந்தால், விசாரிக்க வருபவர்கள் முதலில் உங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். இணையத்தில் ‘எக்சிட் நோட்’ எனப்படும் வெளியேறும் முனையும் ஏறக்குறைய இப்படித்தான்.

வீட்டு இணைய இணைப்புக்கு வெளியுலகில் ஓர் ஐபி எண் உண்டு. நீங்கள் திறக்கும் அகப்பக்கத்துக்கு அந்த எண் தெரியும். விபிஎன் போட்டால், கைப்பேசியிலிருந்து போகும் தகவல் பூட்டப்பட்டு முதலில் விபிஎன் நிறுவனத்தின் கணினிக்குப் போகிறது. அங்கே அந்தப் பூட்டு கழற்றப்பட்டு, அந்தக் கணினியின் எண்ணோடு வெளியே வருகிறது. இந்தக் கடைசி இடமே வெளியேறும் முனை. அகப்பக்கம் பார்ப்பது அதன் எண்ணைத்தான், உங்கள் எண்ணை அல்ல.

‘டோர்’ வலையமைப்பில் தகவல் பொதுவாக மூன்று கணினிகளைத் தாண்டிப் போகும். கடைசிக் கணினிக்கு அனுப்பியவர் யாரென்று தெரியாது. ஆனால் போகும் இடம் தெரியும். தகவல் தனியாகப் பூட்டப்படாமல் வந்தால் உள்ளடக்கமும் தெரியும். 2007-இல் டான் எகர்ஸ்டாட் என்ற சுவீடன்காரர் இப்படிப்பட்ட முனைகளை நடத்தி, தூதரகங்களின் மின்னஞ்சல் கடவுச்சொற்களையே பிடித்துக் காட்டினார். இன்று வங்கி அகப்பக்கங்கள் தமக்கென்று தனிப் பூட்டு வைத்திருப்பதால் அந்த ஆபத்து குறைந்திருக்கிறது.

நம் வீடுகளுக்கு வரும் ஆபத்து வேறு. விபிஎன் நிறுவனங்களின் கணினி எண்களை வங்கிகளும் இணையக் கடைகளும் அடையாளம் கண்டு தடுத்துவிடுகின்றன. லயத்து வீட்டு இணைப்பின் எண்ணை யாரும் சந்தேகிப்பதில்லை. அதனால்தான் மோசடிக்காரர்களுக்கு வீட்டு எண் தேவைப்படுகிறது. அதை விலைக்கு விற்கும் சந்தையும் இருக்கிறது.

2015-இல் ‘ஹோலா’ என்ற இலவச விபிஎன் இதற்காகவே சர்ச்சையில் சிக்கியது. அதைப் பயன்படுத்தியவர்களின் இணைப்புகளே மற்றவர்களுக்கு வெளியேறும் முனைகளாக இருந்தன. அவற்றின் வழியே போகும் வசதி காசுக்கும் விற்கப்பட்டது. 2024 மே மாதம் முடக்கப்பட்ட ‘911 எஸ்5’ இன்னும் பெரியது. அதை நடத்தியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர் பிடிபட்டது பக்கத்தில், சிங்கப்பூரில். மாஸ்க்விபிஎன், டியூவிபிஎன், பலாடின்விபிஎன், ஷீல்டுவிபிஎன், ஷைன்விபிஎன், பிராக்ஸிகேட் ஆகியவற்றைக் கணினியில் ஏற்றியவர்களின் எண்கள் அவர்களுக்கே தெரியாமல் வாடகைக்கு விடப்பட்டன. ஏறக்குறைய 200 நாடுகளில் 1 கோடியே 90 லட்சம் ஐபி எண்கள் என்றது அமெரிக்க நீதித்துறை. அங்கே 5 லட்சத்து 60 ஆயிரம் போலி வேலையில்லா உதவித்தொகை மனுக்கள் இந்த எண்கள் வழியே போயினவாம். இலவசம் என்று சொன்னதற்கு யாரோ ஒருவர் கட்டிய விலை அது.

விபிஎன் மட்டுமல்ல. தமிழ்ப் படமும் தொடரும் பார்க்க நம்மில் பலர் வாங்கி வைத்திருக்கும் பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு டிவி பெட்டியும் இதே வேலையைச் செய்யக்கூடும். ‘பேட்பாக்ஸ் 2.0’ பற்றி அமெரிக்காவின் எஃப்பிஐ 2025 ஜூனில் எச்சரித்தது. சில மலிவுப் பெட்டிகளில் கெட்ட மென்பொருள் தொழிற்சாலையிலேயே ஏறிவிடுகிறது. மற்றவற்றில் முதன்முறை செயலி இறக்கும்போது ஏறுகிறது. பிறகு அந்த வீட்டு இணைப்பு வெளியேறும் முனையாகிவிடுகிறது. படம் மட்டும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். சந்தேகம் எப்படி வரும்?

இங்கேதான் சட்டம் குறுக்கே வருகிறது. 1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 114ஏ பிரிவு 2012 ஜூலை 31 முதல் நடப்பில் உள்ளது. ஓர் இணைய இணைப்பிலிருந்து ஒன்று வெளியிடப்பட்டால், அந்த இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரே வெளியிட்டார் என்று அது அனுமானிக்கிறது. இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அவர் பொறுப்பு. தோட்டத்தில் இணைப்பு பெரும்பாலும் அப்பா பெயரில். வைஃபை கடவுச்சொல் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். விபிஎன் போட்டது மகன். விசாரணைக் கடிதம் வந்தால் அப்பா என்ன சொல்வார்? இந்தப் பிரிவு சாதாரணக் குடும்பங்களுக்குக் கடுமையானது என்பது என் கருத்து.

விபிஎன் பயன்படுத்துவதே குற்றம் என்று மலேசியாவில் சட்டம் இல்லை. அதனால் பயந்து எல்லாவற்றையும் அழிக்க வேண்டியதில்லை. மேலே சொன்ன ஆறு பெயர்களில் ஒன்று கணினியில் இருந்தால் நீக்குங்கள். ‘உங்கள் இணைப்பைப் பகிருங்கள், மாதம் சில ரிங்கிட் தருகிறோம்’ என்னும் செயலிகள் கேட்பது இதே வெளிவாசலைத்தான். டிவி பெட்டி ‘பிளே புரொடெக்ட்’ பாதுகாப்பை நிறுத்தச் சொன்னால் அதைக் கழற்றிவிடுங்கள். பார்க்காத நேரத்தில் சுவிட்சையும் அடைத்து வையுங்கள். வைஃபை கடவுச்சொல்லைப் பல பேர் அறிந்திருந்தால் மாற்றுங்கள். போலீஸ் அழைத்தால் பெட்டியையோ கைப்பேசியையோ உடனே அழித்துவிடாதீர்கள்: அதில் ஏறியிருக்கும் கெட்ட மென்பொருள்தான், வெளியிட்டவர் நீங்கள் அல்ல என்று காட்ட உங்களிடம் இருக்கும் சாட்சி.