இரண்டேகால் ரூபாய் டாலர்

போன மாசியில் ஊருக்கு வந்திருந்த என் அக்கா மகன் சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளிக்காசை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். ஒஹாயோவில் வேலை பார்க்கிறான்.

"மாமா, இதைப் பாருங்க. பழைய வெள்ளி டாலர். ஒரு நூறு காசு வாங்கிப் போடலாம்னு இருக்கேன். பாப்பா காலேஜ் போறப்ப உதவும்ல?"

நல்ல கனம். ஒரு பக்கம் சுதந்திர தேவியின் முகம், மறுபக்கம் சிறகு விரித்த கழுகு. முகத்துக்குக் கீழே 1921 என்று வருஷம். மார்கன் டாலர் என்பார்கள். இதன் அச்சைச் செதுக்கியவர் ஜார்ஜ் மார்கன் என்ற இங்கிலாந்துக்காரர். வங்கிக்கார மார்கனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நான் பதில் சொல்லாமல் பீரோவைத் திறந்து, ஆச்சி வைத்திருந்த 1918ஆம் வருஷத்து ஜார்ஜ் ராஜா ரூபாயை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன்.

"இது ரெண்டும் சொந்தக்காரங்கடா."

அவன் சிரித்தான். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவன் கேட்ட கேள்விக்கான பதிலும் அந்தச் சொந்தத்துக்குள்தான் இருக்கிறது.

வெள்ளி டாலர் என்றதும் ஏதோ அரிதான பொருள் என்று தோன்றும். உண்மையில் தேவைக்கு மேல் அடித்துக் குவித்த காசு அது. 1859இல் நெவாடாவில் காம்ஸ்டாக் என்ற பெரிய வெள்ளி வளம் கண்டுபிடிக்கப்பட்டது. மலை மலையாக வெள்ளி வெளிவந்த நேரத்தில், ஜெர்மனி போன்ற நாடுகள் தங்க நாணயத்துக்கு மாறித் தங்களிடமிருந்த வெள்ளியை விற்கத் தொடங்கின. அமெரிக்காவும் 1873இல் வழக்கமான வெள்ளி டாலரைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. விலை இறங்கியது. சுரங்க முதலாளிகளும், கடனில் தவித்த விவசாயிகளும் கூச்சல் போட்டார்கள். புழக்கத்தில் பணம் பெருகினால் விளைபொருள் விலை ஏறும், கடன் லேசாகும் என்பது விவசாயியின் கணக்கு.

அந்தக் கூச்சலுக்குப் பிறந்த பிள்ளைதான் மார்கன் டாலர். 1878இல் குடியரசுத் தலைவர் ஹேய்ஸ் மறுத்தும் அதை மீறிக் காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. அரசாங்கம் மாதாமாதம் 20 லட்சம் முதல் 40 லட்சம் டாலர் மதிப்புள்ள வெள்ளியை வாங்கிக் காசு அடிக்க வேண்டும். 1890இல் அதையும் மாற்றி, மாதம் 45 லட்சம் அவுன்ஸ் என்று ஆக்கினார்கள். இவ்வளவு காசையும் யார் சுமப்பது? ஜனங்கள் காகிதத்தையே கேட்டார்கள். ஆகவே காசை மூட்டை கட்டிக் கருவூலத்தில் அடுக்கிவிட்டு, அதற்கு ஈடாக வெள்ளிச் சான்று நோட்டுகளைப் புழங்கவிட்டார்கள். நூறு வருஷத்துக்கு மேலான காசு இன்றைக்கும் புதுக்கருக்கு மாறாமல் கிடைப்பதற்கு இதுதான் காரணம்.

1893இல் நம் பக்கத்திலிருந்து ஓர் இடி விழுந்தது. அதுவரை இந்தியாவில் யாரும் வெள்ளியை நாணயச் சாலைக்குக் கொண்டுபோய் ரூபாயாக அடித்து வாங்கலாம். அந்த ஜூன் மாதம் பிரிட்டிஷ் அரசு அந்தக் கதவைச் சாத்திவிட்டது. உலகத்தின் மிகப் பெரிய வெள்ளி வாடிக்கையாளர் வாசலை அடைத்தால் என்ன ஆகும்? விலை சரிந்தது. இங்கே பஞ்ச காலத்துக்கென்று தண்டையும் கொலுசுமாக வைத்திருந்த குடியானவனின் சேமிப்பு ஒரே உத்தரவில் தேய்ந்தது. அவன் வெள்ளிக்கும் சர்க்கார் ரூபாய்க்கும் இருந்த சமன் போய்விட்டது. அமெரிக்காவும் அதே வருஷம் வெள்ளி வாங்கும் சட்டத்தை ரத்து செய்தது. அடுத்த சில வருஷங்களில் ஒரு மார்கன் டாலருக்குள் இருந்த வெள்ளியின் மதிப்பு அரை டாலர் அளவுக்கு வந்துவிட்டது.

இனி ஆச்சியின் ரூபாய்க்கு வருவோம்.

முதல் உலகப் போரில் இந்தியா தானியமும் சணலும் தோலும் ஏற்றி அனுப்பிக்கொண்டே இருந்தது. அதற்கான பணம் லண்டன் கணக்கில் ஏறியது. இங்கே விளைவித்தவனுக்கு ரூபாயாகத்தான் கொடுக்க வேண்டும். அரசாங்கம் நோட்டு அடித்தது. 1917 நவம்பரில் ஒரு ரூபாய் நோட்டு, அடுத்த ஜனவரியில் இரண்டரை ரூபாய் நோட்டு. ஜனங்கள் நம்பவில்லை. நோட்டை நீட்டி வெள்ளியைக் கேட்டு வாங்கி, பானைக்குள் போட்டு மூடிவிட்டார்கள். 1918 வசந்தத்தில் கையிருப்பு வெள்ளி வற்றும் நிலை. நோட்டுக்கு வெள்ளி இல்லை என்று ஒரு நாள் சொல்ல நேர்ந்தால், போர் நடுவில் ஆட்சியின் மானமே போகும்.

லண்டன் வாஷிங்டனிடம் கை நீட்டியது. 1918 ஏப்ரலில், நெவாடாவின் செனட்டர் கீ பிட்மன் பெயரில் ஒரு சட்டம் வந்தது. கருவூலத்தில் தூங்கிய டாலர்களில் 27,02,32,722 காசுகள் உருக்கப்பட்டன. அவற்றில் 25,91,21,554 காசுகளின் வெள்ளி, அவுன்ஸ் ஒரு டாலர் என்ற விலையில் இந்தியாவுக்காகப் போனது. எழுத்துப் பிழையில்லை, ஏறக்குறைய இருபத்தாறு கோடி காசு.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். டாலரில் சுத்த வெள்ளி 371.25 கிரெயின். ரூபாயில் 165. வகுத்தால் சரியாக இரண்டேகால். ஒரு டாலரை உருக்கினால் இரண்டேகால் ரூபாய். அப்படிப் பார்த்தால் அந்த வெள்ளியில் ஐம்பத்தெட்டு கோடி ரூபாய் அடிக்கலாம். ஆச்சியின் ரூபாயில் இருப்பது அந்த வெள்ளிதான் என்று சத்தியம் செய்ய முடியாது. உருக்கிய உலோகத்துக்கு ஊர் பேர் கிடையாது. ஆனால் இருக்கலாம்.

செனட்டர் சும்மா கொடுக்கவில்லை. உருக்கிய அளவுக்கு அமெரிக்கச் சுரங்க வெள்ளியை அவுன்ஸ் ஒரு டாலருக்கே அரசு திரும்ப வாங்க வேண்டும் என்று அதே சட்டத்தில் எழுதிவைத்தார். போர் முடிந்து சந்தை விலை அதற்கு வெகு கீழே போனபோதும் சுரங்கக்காரர்களுக்கு முழு டாலர் கிடைத்தது. அந்த வெள்ளியில்தான் 1921இல், பதினேழு வருஷ இடைவெளிக்குப் பிறகு, மார்கன் டாலரை மறுபடி அடித்தார்கள். மருமகன் கையில் இருந்தது அந்தக் காசு. மூத்தது இந்தியாவுக்குப் போனதால் பிறந்த இளையது.

"அப்ப உருக்கினது போக மிச்சம் இருக்கிறது அபூர்வம்தானே மாமா?" என்றான். நல்ல கேள்வி. காசு வியாபாரிகளும் இதையேதான் சொல்லி விற்பார்கள். ஆனால் எந்த வருஷம், எந்தச் சாலையில் அடித்தது என்ற கணக்கு வைக்காமல் உருக்கினார்கள். ஆகவே அடித்த எண்ணிக்கையை மட்டும் வைத்து எது அபூர்வம் என்று சொல்ல முடியாது. நியூ ஆர்லியன்ஸில் அடித்த 1903ஆம் வருஷத்து டாலர் ஓர் உதாரணம். அது அநேகமாக உருகிப்போனது என்று எல்லாரும் நம்பினார்கள். 1962இல் விலைப்பட்டியலில் அதன் விலை 1,500 டாலர். அந்த வருஷக் கடைசியில் கருவூலத்திலிருந்து அதே காசு மூட்டை மூட்டையாக வெளியே வந்தது. விலை சில பத்து டாலருக்கு விழுந்தது. அதுவரை அபூர்வம் என்று இருந்தது வெறும் பூட்டிய கதவு.

சரி, அபூர்வத்தை விடுவோம், வெள்ளிக்காக வாங்கலாமா? ஒரு மார்கன் 26.73 கிராம்; பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி, அதாவது முக்கால் அவுன்ஸுக்குச் சற்று மேல். வெள்ளி அவுன்ஸ் 1.29 டாலரைத் தொட்டால்தான் காசின் வெள்ளி அதன் முகமதிப்புக்குச் சமம். 1919-20இல் கொஞ்ச காலம் தவிர, 1878க்குப் பிறகு அந்த நாள் வர 1963 ஆனது. அதன் பிறகு ஓட்டம். 1964இல் கருவூலம் டாலர் கொடுப்பதை நிறுத்தியது. 1980 ஜனவரியில் ஹண்ட் சகோதரர்கள் வெள்ளியை வளைத்துப் பிடிக்க, அவுன்ஸ் ஐம்பது டாலரை எட்டியது. அதே மார்ச் 27இல் பதினொன்றுக்குக் கீழே. 2001இல் நாலு டாலர் சொச்சம். மறுபடி ஐம்பதை நெருங்க 2011 ஏப்ரல் ஆனது. அந்த முப்பத்தோரு வருஷத்தில் அமெரிக்க விலைவாசி கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிட்டது. உச்சத்தில் வாங்கியவன் மகள் காலேஜ் மட்டுமல்ல, பேத்தி பள்ளிக்கூடம் போகும்வரை காத்திருக்க வேண்டியிருந்திருக்கும்.

எங்கள் வீட்டுக் கதையும் அந்த ஜனவரியில்தான். அக்காவுக்குத் தை மாதக் கல்யாணம். அப்பா ஆச்சியின் பானையிலிருந்த நாற்பது சொச்சம் ரூபாய்களைத் துணியில் முடிந்து கடைத்தெருவுக்குப் போனார். கடைக்காரர் ராஜா முகத்தையும் பார்க்கவில்லை, வருஷத்தையும் பார்க்கவில்லை. தராசில் கொட்டி, கழிவு என்று கொஞ்சம் பிடித்துக்கொண்டு காசைக் கொடுத்தார். ஆச்சி தீபாவளிக்கு தீபாவளி புளி போட்டுத் தேய்த்து வைத்த காசுகள். சேகரிப்பவர் பார்த்திருந்தாலும் கூடுதல் விலை கிடைத்திருக்காது. ஹண்ட் யாரென்று அப்பாவுக்குத் தெரியாது. முகூர்த்தம் அந்த மாதத்தில் அமைந்தது, அவ்வளவுதான். சித்திரையில் அமைந்திருந்தால் இன்னும் கொஞ்சம் கடன் வாங்கியிருப்பார். மருமகனிடம் இதைச் சொன்னதும் அமைதியாகிவிட்டான். அது அவன் அம்மாவின் கல்யாணம்.

அவனுக்கு நான் சொன்னது இதுதான். காசு வியாபாரி விற்கும் விலை வேறு, நம்மிடம் வாங்கும் விலை வேறு. அந்த இடைவெளியை வெள்ளி ஏறித்தான் அடைக்க வேண்டும். வெறும் வெள்ளிதான் வேண்டும் என்றால், ஒரு அவுன்ஸுக்கு எங்கே குறைந்த கூடுதல் கேட்கிறார்களோ அதை வாங்கு, கட்டியானாலும் சரி. டாலரே வேண்டும் என்றால் முகம் தேய்ந்த சாதாரண வருஷத்துக் காசு போதும். பளபளப்புக்கும் அபூர்வத்துக்கும் விலை கொடுப்பது வேறு தொழில், அதைப் படித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். போலிகள் நிறைய, எடையும் அளவும் பார்க்காமல் வாங்காதே, காந்தம் ஒட்டினால் ஓடிவிடு. விற்கும்போது உங்கள் ஊர் வரிச்சட்டம் இதைச் சேகரிப்புப் பொருள் என்று வைத்து, நீண்டகால லாபத்தில் 28 சதவீதம் வரை கேட்கும். எல்லாவற்றுக்கும் மேலே, தேதி குறித்த செலவுக்கு வெள்ளியை நம்பாதே. பாப்பா காலேஜுக்குத் தேதி உண்டு, வெள்ளிக்குத் தேதி கிடையாது.

போன வாரம் போன் பண்ணினான். நூறு வாங்கவில்லையாம், இருபது. எல்லாம் தேய்ந்தவை.

"கறுத்துப் போயிருக்கு மாமா. கழுவலாமா?"

"புளி மட்டும் போட்டுறாதடா" என்றேன்.