தேம்ஸ் நாறிய கோடை

1858 ஜூனில் லண்டனில் அடித்த வெயிலுக்குத் தேம்ஸ் நதி குடலைப் புரட்டும்படி நாறியது. கரையிலிருந்த நாடாளுமன்றத்தில் ஜன்னல் திரைகளைச் சலவைத்தூள் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டும், உறுப்பினர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஓடவேண்டியிருந்தது. வருடக்கணக்காக இழுத்தடிக்கப்பட்ட பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்கு வழிவிடும் மசோதா, பிறகு 18 நாட்களில் சட்டமானது. ஜோசப் பாசல்கெட் கட்டிய அந்தச் செங்கல் சுரங்கங்கள் இன்றும் பயனில் இருக்கின்றன. நாற்றம்தான் லண்டனைக் காப்பாற்றியது என்று இந்தக் கதையை முடிப்பது வழக்கம். ஆனால் அதற்குமுன் பத்தாண்டுகள் நகரத்தைத் தவறான பக்கம் இழுத்துச் சென்றதும் அதே மூக்குதான்.

அக்காலத்து மருத்துவமும் நிர்வாகமும் கெட்ட காற்றே காலராவுக்குக் காரணம் என்று நம்பின. சுகாதாரச் சீர்திருத்தத்தின் தலைமகனான எட்வின் சாட்விக், கடும் நாற்றம் எல்லாமே நோய்தான் என்ற பொருளில் 1846இல் நாடாளுமன்றக் குழு முன் சாட்சியம் அளித்தார். நம்பிக்கை அப்படி இருந்தால் வேலையும் அப்படித்தான் நடக்கும்: வீட்டடி மலக்குழிகளின் கழிவைச் சாக்கடையில் விட்டு, சாக்கடையை அலசி நதியில் தள்ளினார்கள். வீட்டுக்குள் நாற்றம் குறைந்தது. ஆனால் லண்டனின் குடிநீரில் பெரும்பங்கு அதே நதியிலிருந்துதான் வந்தது. 1848–49 காலராவில் நகரத்தில் 14,000 பேருக்குமேல் மாண்டார்கள். அலசியதால் மட்டுமே அத்தனை சாவும் என்று சொல்ல முடியாது. கழிவையும் குடிநீரையும் அது இன்னும் நெருக்கமாக்கியது என்பதில் சந்தேகமில்லை.

மூக்கு, இல்லாத குற்றவாளியைக் காட்டிக்கொடுத்தது என்றால், நாக்கு, இருக்கிற குற்றவாளிக்கு நற்சான்று கொடுத்தது. சோஹோ பகுதியில் பிராட் தெருவிலிருந்த அடிபம்பின் தண்ணீர் ருசிக்குப் பெயர்பெற்றது. அங்கிருந்து ஹாம்ப்ஸ்டெட்டுக்குக் குடிமாறிப் போன ஒரு விதவை, அந்த ருசியை விடமுடியாமல் புட்டியில் வரவழைத்துக் குடித்துவந்தார். 1854 செப்டம்பர் தொடக்கத்தில் பம்பைச் சுற்றியிருந்த தெருக்களில் காலரா வீடு வீடாகப் புகுந்தபோது, மைல்கணக்கான தொலைவில், காலரா இல்லாத ஊரில், அவரும் இறந்தார். அதே தெருவின் பீர் ஆலையில் 70 பேருக்குமேல் வேலை செய்தார்கள். அவர்கள் ஆலையின் பீரைக் குடித்ததால் எவரும் சாகவில்லை. மருத்துவர் ஜான் ஸ்னோ இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். இத்தனைக்கும், பம்பிலிருந்து எடுத்த தண்ணீரைச் சோதித்தபோது அவர் கண்ணுக்கே பெரிதாக எதுவும் தென்படவில்லை. புலன்கள் கைவிட்ட இடத்தில் அவர் கணக்கில் இறங்கினார்: பட்டர்சீ அருகே அழுக்கு நதிநீரை எடுத்த கம்பெனியின் வாடிக்கையாளர்களில் 10,000 வீட்டுக்கு 315 சாவு, நதியின் மேல்பகுதியில் தெளிந்த நீரை எடுத்த கம்பெனியின் வீடுகளில் 37.

கிருமி என்பதே அறியப்படாத காலத்தில் நாற்றத்தைச் சந்தேகித்தது நியாயம்தானே என்று கேட்கலாம். சந்தேகித்தது நியாயம்தான், சான்று வந்தபிறகும் அசையாமல் இருந்ததுதான் சிக்கல். எலும்பு வேகவைப்பவர்கள், தோல் பதனிடுபவர்கள் போன்றோர் நாள்முழுதும் நாற்றத்திலேயே கிடந்தும் மற்றவர்களைவிட அதிகமாகச் சாகவில்லை என்று 1855இல் நாடாளுமன்றக் குழுவிடம் ஸ்னோ சொன்னபோது, ‘லான்செட்’ மருத்துவ இதழ் அவரை எள்ளி நகையாடியது. நாற்றம் உச்சத்தில் இருந்த 1858 கோடையில் லண்டனில் காலராவே பரவவில்லை. அந்த விசித்திரம்கூட உடனே பலர் கண்ணைத் திறக்கவில்லை. அந்த ஜூனிலேயே ஸ்னோ இறந்துபோனார்.

காரணம் தப்பானாலும் காரியம் சரியாக முடிந்ததே என்பது இன்னும் வலுவான மறுப்பு. பாசல்கெட்டின் குழாய்கள் நாற்றத்தை விரட்டக் கட்டப்பட்டவை. கழிவை நதி ஓட்டத்தில் நகரத்துக்குக் கீழே கொண்டுபோய் விட்டதால் குடிநீரையும் காத்தன. ஆனால் அது திட்டமிடாமல் கிடைத்த லாபம். 1866இல் அந்தக் குழாய் இன்னும் முழுமையாக எட்டாத கிழக்கு லண்டனில் காலரா மறுபடி வந்து ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோனது. முன்பு கெட்ட காற்றுக் கொள்கையை ஆதரித்த புள்ளியியலாளர் வில்லியம் ஃபார், இம்முறை காற்றைத் தேடிப் போகவில்லை. எந்தத் தண்ணீர்க் கம்பெனி எந்தத் தெருவுக்குக் குழாய் போட்டிருக்கிறது என்ற வரைபடத்தைச் சாவுப் பதிவேட்டின் அருகே வைத்துப் பார்த்தார். கிழக்கு லண்டன் கம்பெனியின் திறந்த குளத்தில் போய் நின்றது விசாரணை.