கரிசலில் இருந்து லத்தீனுக்குப் போன இலக்கணம்

கோவில்பட்டிக்குப் பக்கத்து ஊர் காமநாயக்கன்பட்டி. ஆகஸ்ட் 15 பரலோக மாதா திருவிழாவுக்குப் போய் வருகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். 1710இல் இந்தியா வந்த இத்தாலியப் பாதிரியார் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, அதாவது நம் வீரமாமுனிவர், ஆரம்ப காலத்தில் பணி செய்த ஊர்களில் இதுவும் ஒன்று. இங்கே அவர் காதில் விழுந்தது சம்சாரிகளின் பேச்சு, புஞ்சைக்காட்டுத் தமிழ்.

பேச்சுத் தமிழுக்கு அவர் லத்தீனில் ஓர் இலக்கணம் எழுதினார். பெயர் 'கிராமாத்திகா லத்தினோ-தமுலிகா'. அவருக்கு முன்பே முத்துக்குளித்துறையில் அண்ட்ரிக் அடிகள் போர்ச்சுகீசியத்தில் தமிழ் இலக்கணம் எழுதியிருந்தார்; சீகன்பால்கு லத்தீனில் எழுதியது 1716இல் ஜெர்மனியின் ஹாலேயில் அச்சானது. நம் புலவர்களோ செய்யுளுக்கும் செந்தமிழுக்கும்தான் நூற்பா எழுதினார்கள். வாசலில் நின்று பேசுகிற தமிழை வரிசைப்படுத்த வெளியூர்க்காரர் ஒருவர் வேண்டியிருந்தது. பின்னாளில் இதே கரிசலில் இடைசெவல் கி. ராஜநாராயணன் வட்டார வழக்குச் சொல்லகராதி தொகுத்தார். என் மனதில் இருவரும் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

ஏன் லத்தீன்? புதிதாகக் கப்பலில் வந்து இறங்கும் பாதிரிமார் இத்தாலியர், போர்ச்சுகீசியர், பிரெஞ்சுக்காரர் எனப் பல நாட்டினர். எல்லோருக்கும் பொதுவாகத் தெரிந்த படிப்பு மொழி லத்தீன்தான்.

நூல் 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. அச்சகம் லூத்தரன் சபையாருடையது. 'வேதவிளக்கம்' எழுதி பெஸ்கி கடுமையாகச் சாடியது அவர்களைத்தான். அப்படியும் அச்சுக் கோத்தார்கள். தமிழ் படிக்க அதைவிட நல்ல வழி இல்லை என்று எதிராளியே ஒப்புக்கொண்டது போலத்தான் இது எனக்குப் படுகிறது. பின்னாளில் அந்த நூல் ஆங்கிலத்துக்குப் போனது. அவருடைய செந்தமிழ் இலக்கணத்துக்கு வாய்த்தது வேறு பாதை: பாபிங்டனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1822இலேயே வந்துவிட, லத்தீன் மூலம் 1917 வரை அச்சு காணவில்லை.

பெஸ்கி எழுதின லத்தீனை இன்றும் கற்க முடியும். வெளிநாட்டுப் பிள்ளைகள் பதின்ம வயதில் லத்தீனும் பழைய கிரேக்கமும் ஆன்லைன் வகுப்பில் படிக்கிறார்கள். நம் ஊர்ப் பிள்ளையும் சேரலாம். நாம் பயப்படுகிற அளவுக்கு லத்தீன் அந்நியமான மொழியும் இல்லை. 'புயெல்லா ரோசம் அமாத்' என்றால் சிறுமி ரோஜாவை நேசிக்கிறாள். சொல் வரிசை அப்படியே நம்முடையது. 'ரோசம்' என்பதில் இருக்கும் 'அம்' நம் 'ஐ' செய்கிற வேலையைச் செய்கிறது. நாம் 'வந்தேன்' என்றாலே 'நான்' புரிவது போல, அங்கும் வினையின் கடைசி அசை ஆளைச் சொல்லிவிடும். ஆங்கிலம் மட்டும் தெரிந்த பிள்ளை திணறும் இடத்தை நம் பிள்ளை சும்மா தாண்டிப் போகும்.

வாசிக்கப் புத்தகமும் காத்திருக்கிறது. அறத்துப்பாலையும் பொருட்பாலையும் பெஸ்கி லத்தீனில் பெயர்த்தார், ஜி.யு. போப் தம் 1886 குறள் பதிப்பில் அதையும் சேர்த்து அச்சிட்டார். பள்ளியில் குறளை மனப்பாடம் செய்த பிள்ளைக்குப் பொருள் முன்பே தெரியும். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் அதிகாரத்தில் தொடங்கலாம். அதை முடித்த பிறகு இலக்கண நூலுக்கு வந்தால், முந்நூறு வருஷத்துக்கு முந்தைய தமிழ்ப் பேச்சை, எழுதினவர் எழுதின மொழியிலேயே படிக்க முடியும்.