வயதுக் கணக்கில் ஒரு கொலை

'மர்டர், ஷி ரோட்' தொடரின் கடைசி எபிசோடுக்குப் பெயர் 'டெத் பை டெமோகிராபிக்ஸ்'. பார்வையாளர்களின் வயதுக் கணக்கால் வந்த சாவு. கோபத்தில் வைத்த பெயர் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

1984-ல் சிபிஎஸ் இதை ஆரம்பித்தபோது ஏஞ்சலா லான்ஸ்பரிக்கு வயது 58. அவர் நடித்த ஜெசிகா பிளெட்சர் கணவனை இழந்தவர், முன்னாள் ஆங்கில ஆசிரியை, இப்போது மர்மக்கதை எழுத்தாளர். மெய்ன் மாநிலத்தில் கேபட் கோவ் என்ற கற்பனைக் கடலோர ஊர். (அவ்வளவு சின்ன ஊரில் அத்தனை கொலை விழுந்தும் ஜனங்க வீட்டைக் காலி பண்ணாமல் இருந்தது தனி மர்மம்.) ஞாயிறு இரவு '60 மினிட்ஸ்' முடிந்ததும் கோடிக்கணக்கானோர் அப்படியே உட்கார்ந்து இதைப் பார்த்தார்கள்.

பிரச்சினை, அவர்களில் பலருக்கு வயதாகிவிட்டது. விளம்பரதாரர்கள் காசு கொட்டியது 18 முதல் 49 வரையான கண்களுக்கு. 1995-ல் தொடரை வியாழக்கிழமைக்கு, 'பிரெண்ட்ஸ்' ஓடும் அதே நேரத்துக்குத் தூக்கிப் போட்டார்கள். ரேட்டிங் சரிந்தது. எழுதியவர்களும் சும்மா விடவில்லை: 'பட்ஸ்' என்றொரு இளவட்டத் தொடரைக் கற்பனை செய்து, அந்தக் குழுவுக்குள்ளேயே ஒரு கொலையை வைத்தார்கள். எபிசோடின் பெயர் 'மர்டர் அமங் பிரெண்ட்ஸ்'. 1996 மே மாதம், 264 எபிசோடுகளோடு எல்லாம் முடிந்தது.

முன்பு வேலை பார்த்த கம்பெனியில் பயனர் ரிப்போர்ட் ஒன்றுக்கு நான் கோட் எழுதினேன். 18-24, 25-34 என்று பொடிப்பொடியாகப் பிரித்துவிட்டு, கடைசியில் '50+' என்று ஒரே கட்டம். என் அம்மாவும் பாட்டியும் ஒரே கட்டத்தில். ஏன்னு யாரும் கேட்கல. நானும் கேட்கல.