வீட்டிலேயே பார்த்துக்கொள்பவருக்குச் சம்பளம் உண்டா?

எங்கள் பிரெஞ்சுப் பள்ளிப் பூகோளப் பாடத்தில் பசிபிக் என்றால் தாஹித்தியும் நூவெல் கலெதோனியும்தான். சமோவா, தோங்கா, நியுவே, குக் தீவுகளைப் பற்றி ஓய்வுபெற்ற பிறகுதான் படிக்க நேரம் கிடைத்தது. நியுவே மக்களில் தீவில் இருப்பவர்களைவிட நியூசிலாந்தில் வாழ்பவர்களே பல மடங்கு அதிகம் என்பது பலருக்குத் தெரியாது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆக்லாந்து, வெல்லிங்டன் தொழிற்சாலைகளுக்கு ஆள் தேவைப்பட்டது. தீவு மக்கள் வந்தார்கள். 1970களில் பொருளாதாரம் சரிந்ததும், விசாக் காலம் கடந்து தங்கியவர்கள் என்று விடியற்காலையில் வீடு புகுந்து போலீஸ் பிடித்தது. இதற்கு அரசு மன்னிப்புக் கேட்டது 2021 ஆகஸ்ட் 1 அன்று. விடியலில் கதவைத் தட்டிய அதே அரசாங்கத்தின் அலுவலகத்துக்குப் போய், "என் பிள்ளைக்கு நடக்க முடியாது, உதவி வேண்டும்" என்று கேட்க ஒரு தாய்க்கு எவ்வளவு தயக்கம் இருந்திருக்கும்!

சட்டத்திலும் இரண்டு தராசு இருந்தது. 1974 ஏப்ரல் முதல், விபத்தில் அடிபட்டவருக்கு யார் தவறு என்று பார்க்காமல் இழப்பீடு. பிறவியிலோ நோயிலோ ஊனமுற்றவருக்கு 1975-இல் தனிச் சட்டம், சலுகை குறைவு. அந்த வேறுபாடு முழுதாக மறையவில்லை.

அடுத்த சிக்கல் குடும்பம். சமோவா மொழியில் 'ஐங்கா' என்றால் அப்பா, அம்மா, பிள்ளை மட்டுமல்ல. பெரியம்மா, சித்தப்பா, பாட்டி எல்லாரும் சேர்ந்ததுதான். நம் கூட்டுக்குடும்பம் மாதிரி. கவனிப்பு வீட்டுக்குள்ளேயே நடக்கும். ஆனால் வெளியாள் வந்து குளிப்பாட்டினால் அரசு கூலி கொடுக்கும். பெற்ற தாய் செய்தால் கிடையாது. இதை எதிர்த்துச் சில குடும்பங்கள் வழக்குப் போட்டன. 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இது பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. மறு வருடமே அரசு ஒரே நாளில் ஒரு சட்டத்தை நிறைவேற்றி, சிலருக்கு மட்டும் குறைந்தபட்சக் கூலி தந்து, கணவன் மனைவியரை ஒதுக்கி, இனி இதுபற்றி மனித உரிமைப் புகார் கொடுக்கும் வழியையும் அடைத்தது. அந்தத் தடை 2020-இல்தான் நீங்கியது. வழக்காடியவர்கள் பசிபிக் மக்கள்தான் என்றில்லை. ஆனால் வீட்டிலேயே எல்லாரையும் பார்த்துக்கொள்ளும் சமூகத்துக்கு அந்தத் தீர்ப்பின் பயன் பெரியது.

இதற்கிடையே 2010-இல் சுகாதார அமைச்சகம் 'ஃபைவா ஓரா' என்ற பெயரில் பசிபிக் மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தனித் திட்டம் வகுத்தது. பிறகு அதைப் புதுப்பித்து 2021 வரை கொண்டுசென்றது. அவர்கள் பண்பாடு அறிந்த ஊழியர், குடும்பத்தோடு கலந்து பேசுதல் ஆகியவை அதன் நோக்கங்கள். 2022 ஜூலை 1 அன்று மாற்றுத்திறனாளிகளுக்கென்றே தனி அமைச்சகமும் வந்தது.

பல வருடம் விண்ணப்பங்களைப் பிரித்து அடுக்கியவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். படிவத்தில் விண்ணப்பதாரர் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கும். இரவில் எழுந்து அவரைப் புரட்டிப் படுக்கவைப்பவர் பெயருக்குக் கட்டம் இருக்காது. நியூசிலாந்தில் அந்தக் கட்டத்தைக் கேட்டு வாங்க நீதிமன்றம்வரை போகவேண்டியிருந்தது. நம் ஊர்ப் படிவங்களையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.