புற்றுநோய் வந்த பின்னும் புகைத்தலை விட வேண்டுமா?

"சேர், வாப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது. இனி சிகரெட்டை விட்டு என்ன பயன்?" ஆசிரியர் கலாசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கும் என்னிடம் பயிலுநர் ஒருவர் கேட்டார்.

கட்டி உருவாவதைத் தடுக்கும் பரம்பரையலகுகள் எமது கலங்களில் உள்ளன. அவற்றுள் முக்கியமானது 17ஆம் நிறமூர்த்தத்திலுள்ள பி53. டி.என்.ஏ. சேதமடைந்தால் அது கலப்பிரிவை நிறுத்தும். திருத்த முடியாவிட்டால் அக்கலத்தையே அழியச் செய்யும்.

சிகரெட் புகையிலுள்ள பென்சோபைரீன் உடலுக்குள் மாற்றமடைந்து இந்தக் காவலாளியின் மீதே ஒட்டிக்கொள்கிறது. அது ஒட்டும் இடங்களிலேயே நுரையீரல் புற்றுநோயாளர்களின் பி53 அதிகம் பழுதடைந்திருப்பதை 1996இல் ஆய்வாளர்கள் காட்டினர். பி53 பழுதடைந்தவர்களில் நோயின் போக்கு மோசமாக இருப்பதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன.

சிகரெட்டை விடுவதால் பழுதான பரம்பரையலகு சீராகாது. ஆனால் புதிய சேதம் குறையும். ஆரம்பக் கட்டத்தில் நோய் கண்டறியப்பட்டு, அதன்பின் புகைத்தலை விட்டவர்கள், தொடர்ந்து புகைப்பவர்களைவிடக் கூடுதல் காலம் வாழ்கின்றனர்.

ஆகவே நான் சொன்னேன்: "வாப்பாவை இன்றே விடச் சொல்லுங்கள். வீட்டில் வேறு யாரும் புகைக்கவும் இடங்கொடாதீர்கள்."