முழங்கால் தண்ணியில் செத்த கமரா

எங்கள் குழுவின் நீர்புகாக் கமரா இப்போது ஒரு பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கிறது. கொழும்பில் செகண்ட்ஹேண்டாக வாங்கியது. பத்து மீற்றர் ஆழம் வரை தாங்கும் என்று பெட்டியில் போட்டிருந்தது. ஒலுவில் ஹாபருக்கு வடக்கே, முழங்காலளவு தண்ணியில் செத்துப்போனது. பிழை கமராவில் இல்லை, எங்களில்தான். அதைப் பிறகு சொல்கிறோம். கதவைத் திறந்து உள்ளே நின்ற உப்புத்தண்ணியைப் பார்த்த அண்டுதான் இந்தச் சாமான் எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினோம்.

விளம்பரங்களைப் பார்த்தால் இது சாகசக்காரர்களின் கமரா. பனிமலை ஏறுகிறவர், அலையில் சறுக்குகிறவர், பவளப்பாறைக்கு இறங்குகிறவர் என்று வரிசையாக வருவார்கள். ஆனால் கமராவை முதலில் கடலுக்குள் கொண்டுபோனவர்களில் ஒருவர் வேலைக்காகத்தான் போனார். பிரான்சின் லூயி பூத்தான் ஓர் உயிரியல் ஆய்வாளர். கடலடியில் தான் கண்டதைக் கரையில் இருக்கிறவர்களுக்குக் காட்ட வேண்டியிருந்தது. 1893இல் பனியூல்ஸ் கரையில் அதைச் செய்தார்.

எங்கட கிழக்குக் கடல் இந்த வரலாற்றுக்குள் வருவது 1956இல். ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய கூட்டாளி மைக் வில்சனும் இலங்கைக்கு வந்த வருடம் அது. திருகோணமலையில் கோணேசர் மலையடியில் சுழியோடிய வில்சன், போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கடலடியில் கண்டார். அடுத்த வருடம் கிளார்க்கின் புத்தகம் அந்தக் கதையை உலகத்துக்குச் சொன்னது. 1962இல் வில்சன் இயக்கிய 'ரன்முத்து தூவ' சிங்களத்தின் முதல் முழுநீள வர்ணப் படம். கடலடிக் காட்சிகளுக்காகவே சனம் பார்க்கப் போனது. கடலுக்கடியை அறிந்தவர்கள் இந்த நாட்டில் அதற்கு முதல் இல்லாமல் இல்லை. மன்னாரில் முத்துக் குளித்தவர்கள் நூற்றாண்டுக் கணக்காக மூச்சடக்கி இறங்கினார்கள். அவர்களிடம் கமரா இருக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் சாதாரண கமராவை ஒரு கனத்த உலோகப் பெட்டிக்குள் பூட்டித்தான் இறக்குவார்கள். பெட்டியே வேண்டாம், கமராவின் உடம்பே தண்ணியைத் தடுக்கட்டும் என்று யோசித்தவர் கூஸ்தோ. அதை வடிவமைத்தவர் பெல்ஜியக்காரரான ஜீன் டி வூட்டர்ஸ். 'கலிப்சோ' என்ற அந்தக் கமராவை 1963இல் நிக்கோன் வாங்கி 'நிக்கோனோஸ்' ஆக்கியது.

எங்களுக்கு அதைவிடப் பிடித்த கதை ஜப்பானில் நடந்தது. 1980களின் இறுதியில் கொனிக்கா கம்பனி 'கென்பா கன்தொக்கு' என்று ஒரு பிலிம் கமரா செய்தது. பெயரின் அர்த்தம் சைட் மேற்பார்வையாளர். மழை, தூசு, சீமெந்துச் சேறு எல்லாவற்றுக்கும் தாங்க வேண்டும், கையுறை போட்ட கையாலும் அமர்த்த வேண்டும். கட்டட வேலையை ஒவ்வொரு கட்டமாகப் படம் எடுத்துப் பதிவு வைக்கிற ஆட்களுக்கான சாமான். கொத்தனார் பக்கத்தில் நின்று பழகிய இந்த முரட்டு உடம்புதான் பிறகு சாகசம் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 2006இல் ஒலிம்பஸ் விட்ட 720 எஸ்.டபிள்யூ டிஜிட்டல் கமரா மூன்று மீற்றர் தண்ணியையும் ஒன்றரை மீற்றர் உயரத்திலிருந்து விழுவதையும் தாங்கும் என்றது. அதற்கு இரண்டு வருடம் முதல், அலைச்சறுக்குப் பைத்தியம் பிடித்த ஓர் அமெரிக்க இளைஞர் 'கோப்ரோ' என்று மணிக்கட்டில் கட்டுகிற பிலிம் கமராவை இறக்கியிருந்தார். அதன் டிஜிட்டல் பேரப்பிள்ளைகளை அறுகம் குடாவில் வெள்ளைக்காரர்களின் பலகையில் காணலாம்.

கோப்ரோ வந்த அதே 2004, டிசம்பர் 26. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கடல் எடுத்தது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது வீடுகளில் மௌத்தானவர்களின் ஒரு படம்கூட மிஞ்சாத குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. உம்மா வாப்பாட கலியாண அல்பமும் சேர்ந்து போனது. கடலுக்குள் போய்ப் படம் எடுக்கிற கமராவை உலகம் செய்துகொண்டிருந்தபோது, எங்கட படங்கள் இருந்த வீடுகளுக்குள் கடல் வந்தது.

ஹாபருக்கு வருவோம். துறைமுக அமைச்சராக இருந்த மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரஃபின் காலத்துக் கனவு இது. டென்மார்க்கின் கடனுதவியோடு 2008இல் வேலை தொடங்கி, 2013 செப்டெம்பர் 1ஆம் திகதி திறக்கப்பட்டது. இந்தக் கரையில் அலை மணலை வடக்கு நோக்கி நகர்த்திக்கொண்டே இருக்கும். இரண்டு கல்லணைகள் நடுவில் நீட்டியதும் மணல் தெற்கிலும் வாயிலிலும் தேங்கியது. போட்டுகள் உள்ளே போக முடியாமல் நின்றன. வடக்கே மணல் வரத்து நின்றதால் கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. தென்னைகள் வேரோடு சரிந்தன.

எவ்வளவு போனது என்று கேட்டால் பெரியவர்கள் கடலைத்தான் காட்டுகிறார்கள். "அந்தா, அலை உடையுதே, அங்கதான் மகன் எங்கட தோட்டம்." அதை எப்படிப் படம் எடுப்பது? ஜப்பான்காரர் கட்டட வேலைக்குச் செய்ததை நாங்கள் கரைக்குச் செய்வோம் என்று நினைத்தோம்: ஒரே இடத்தில், ஒரே பக்கம் பார்த்து, மாதம் ஒரு படம். சேறும் உப்பும் தாங்கும் கமரா வேண்டியது அதற்குத்தான்.

அதைக் கொன்ற கதை சிறியது. பெற்றரிக் கதவைச் சுற்றி ஒரு மெல்லிய றப்பர் வளையம் இருக்கும். தண்ணியைத் தடுப்பது அதுதான், முரட்டு உடம்பு இல்லை. ஒரு மணல், ஒரு முடி அதில் இருந்தால் போதும். பத்து மீற்றர் என்ற கணக்கு அசையாத நல்ல தண்ணிக்கு. அலை அடிக்கிற வேகத்துக்கு இல்லை. உப்பு காய்ந்து பளிங்காகி வளையத்தை அரிக்கும், ஒவ்வொரு முறையும் கிணத்துத் தண்ணியில் அலச வேண்டும். நாங்கள் அலசவில்லை. கரையில் நின்றே மணல் கையால் கார்ட் மாற்றினோம்.

கார்ட் பிழைத்துவிட்டது. பதினொரு மாதப் படங்கள் இருக்கின்றன. இப்போது மீனவ நானாமார் செய்கிற மாதிரி போனை சொப்பின் பேக்கில் சுற்றிக்கொண்டு போகிறோம். சாகசம் ஒன்றும் இல்லை.

2008க்கு முந்திய கரைதான் எங்களிடம் இல்லை. அது பெருநாள் படங்களில் இருக்கிறது. புது உடுப்போடு பிள்ளைகளை மணலில் நிறுத்தி எடுத்தீர்களே, அவைதான். 1999இல் கட்டிய ஒலுவில் வெளிச்சவீடு பின்னால் தெரிந்தால் எங்கே நின்று எடுத்தது என்று கண்டுபிடித்துவிடலாம். முகங்களை மறைத்து அனுப்பினாலும் பரவாயில்லை. எங்களுக்குத் தேவை பின்னால் நிற்கிற தென்னைகள்.